பாப் பாடல்களை மிக்ஸ் செய்யும்போது மாறும் இடம் இடறுகிறது, எதைக் கவனிக்க வேண்டும்?

மாலைமேளம்:

எல்லோருக்கும் வணக்கம். டிஜேயாக ஹவுஸ், டெக்னோ போன்ற நடன இசையை மிக்ஸ் செய்யும்போது எனக்குப் பெரிய சிக்கல் வருவதில்லை. பாட்டின் கடைசி ஒரு நிமிடம் வெறும் தாளமாக ஓடும், அடுத்த பாட்டும் தாளத்தில்தான் தொடங்கும், ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி நிதானமாகக் கை மாற்றிவிடலாம். பாப் பாட்டுக்கு வந்தால் அந்த முறை ஒத்துவரவில்லை. பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு, அதாவது பீட், என்ற வேகம்) சேர்ந்திருக்கிறது, பீட்கிரிட் (தட்டுகளுக்கு மென்பொருள் போடும் கோடுகள்) சரியாக இருக்கிறது, பாட்டுகளும் 118, 120 என்று பக்கத்துப் பக்கத்து வேகம்தான். இருந்தும் மாறும் இடத்தில் ஆடுகிறவர்களின் கால் ஒரு கணம் தடுமாறுவது மேடையிலிருந்தே தெரிகிறது.

என்னிடம் இருப்பது இரண்டு சேனல் கன்ட்ரோலர், மூன்று பேண்ட் ஈக்யூ (லோ, மிட், ஹை ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்), டெக்குக்கு எட்டு ஹாட் க்யூ (பாட்டில் குறித்து வைத்த இடத்துக்கு ஒரே அழுத்தில் தாவும் பட்டன்). எதை முதலில் கவனிப்பது? ஸ்கேலா, ஈக்யூவா, எஃபெக்டா?

அலைவரிசை:

ஸ்கேல்தான் என்று நினைக்கிறேன். மென்பொருளில் கேமலாட் எண்ணை, அதாவது பாட்டின் ஸ்கேலை ஓர் எண்ணாலும் ஏ (மைனர்) அல்லது பி (மேஜர்) என்ற எழுத்தாலும் குறிக்கும் முறையை, காட்டும்படி வையுங்கள். 8ஏ பாட்டுக்குப் பிறகு 8ஏ, 7ஏ, 9ஏ, 8பி இவற்றில் ஒன்றைப் போட்டால் மோதாது. பிபிஎம் சேர்ந்தும் காதை உறுத்துகிறது என்றால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

முதல்தட்டு:

அலைவரிசை சொன்னது முக்கியம்தான், ஆனால் அதை இரண்டாவதாக வைப்பேன். பாப் பாட்டில் முதலில் பார்க்க வேண்டியது பாடுகிறவரின் குரல். உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று படுகிறது.

ஹவுஸ் பாட்டு டிஜேயை மனதில் வைத்துச் செய்யப்படுவது. நடன அரங்குக்காகப் பாட்டை நீட்டி 12 அங்குல இசைத்தட்டில் வெளியிடும் பழக்கம் 1970களின் நடுவில் டாம் மோல்டன் போன்றவர்களால் பரவியது. அதிலிருந்தே நடன இசையில் தொடக்கத்திலும் முடிவிலும் தாளத்துக்கு இடம் விடுகிறார்கள். பாப் பாட்டு அப்படியல்ல. ரேடியோவுக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் செய்யப்படுவது, மூன்று அல்லது மூன்றரை நிமிடம். சில நொடிகளிலேயே குரல் வந்துவிடும், கடைசிப் பல்லவி முடிந்ததும் பாட்டும் முடிந்துவிடும். ஹவுஸில் பழகிய 32 பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு) கலவையை இதன்மேல் வைத்துப் பாருங்கள். 120 பிபிஎம்மில் அது 64 நொடி. அந்த 64 நொடியும் பழைய பாட்டின் கடைசிப் பல்லவியும் புதிய பாட்டின் முதல் சரணமும் ஒன்றின் மேல் ஒன்று ஓடும். தாளம் எவ்வளவு கச்சிதமாகச் சேர்ந்திருந்தாலும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எப்படி எதையும் வாங்கிக்கொள்ள முடியாதோ அப்படித்தான் அது காதில் விழும். மக்கள் பாப் பாட்டைத் தாளத்தை வைத்து அடையாளம் காண்பதில்லை. குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள். அது குழம்பினால் கால் நின்றுவிடும்.

அதனால் எந்த நேரத்திலும் ஒரே ஒரு குரல் என்பதை விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு பாட்டிலும் குரல் இல்லாத இடங்களைத் தேடுங்கள். வழக்கமாக முன்னிசையில் நான்கு அல்லது எட்டு பார் கிடைக்கும். இரண்டாவது பல்லவிக்குப் பிறகு வரும் வாத்தியப் பகுதியில் கொஞ்சம் கிடைக்கும். பல்லவிக்குச் சற்று முன்னால் எல்லாம் அடங்கி ஒரு பார் வெறுமையாக நிற்குமே, அதுவும் ஓர் இடம்தான். எட்டு ஹாட் க்யூவில் நான்கை இதற்கே ஒதுக்கலாம்: பாட்டின் முதல் தட்டு, குரல் தொடங்கும் இடம், முதல் பல்லவி, இரண்டாவது பல்லவி முடியும் இடம்.

குரல் தொடங்கும் இடத்துக்குக் க்யூ வைக்கும்போது ஒரு விஷயம். பாடுகிறவர் பல நேரம் பாரின் முதல் தட்டுக்குச் சற்று முன்பே எடுத்துவிடுவார். க்யூவை முதல் தட்டிலேயே வைத்தால் பாதிச் சொல் வெட்டுப்பட்டு வெளியே வரும். ஒரு முழு பார் முன்னால் வைத்துவிட்டால் அந்தச் சொல் முழுசாகக் கிடைக்கும், எண்ணுவதற்கும் நான்கு தட்டு கையில் இருக்கும்.

பிறகு எண்ணிக்கை. நான்கு தட்டு ஒரு பார், எட்டு பார் சேர்ந்தால் 32 தட்டு. பாப் பாட்டில் பெரும்பாலும் இந்த 32க்கு ஒருமுறைதான் ஏதாவது மாறும்: புதிய வாத்தியம் வரும், சரணம் பல்லவியாகும். பழைய பாட்டில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் அதே தட்டில் புதிய பாட்டின் பகுதியும் தொடங்க வேண்டும். உங்கள் பிபிஎம் சேர்ந்திருந்தும் இடறுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். தட்டு தட்டோடு சேர்ந்திருக்கும், ஆனால் ஒரு பாட்டின் மூன்றாவது பாரில் இன்னொன்றின் முதல் பார் உட்கார்ந்திருக்கும். திரையில் தட்டுகள் சேர்ந்திருப்பதை மட்டும் பார்த்தால் இது தெரியாது. தவிர, பாப் பாட்டு எப்போதும் 32ஐ மதிக்காது. பல்லவிக்கு முன் இரண்டு பார் கூடுதலாக இழுப்பார்கள், சில இடத்தில் நான்கு பாரிலேயே முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு பாட்டையும் ஒருமுறை முழுசாக எண்ணிக்கொண்டே கேட்டால் அந்த இடங்கள் மனதில் நின்றுவிடும்.

கடைசியாக, எப்போது வெளியேறுவது. முடிவு வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாவது பல்லவி முடிந்ததும் அடுத்த பாட்டுக்குப் போய்விடுங்கள். இரண்டு முறை பல்லவியைப் பாடிவிட்ட கூட்டத்துக்கு அந்தப் பாட்டிடமிருந்து வேண்டியது கிடைத்துவிட்டது.

கருந்தட்டு:

முதல்தட்டு சொன்ன கடைசி வரியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஆமாம்.

இரண்டாவது பல்லவியோடு கிளம்புவது பல பாட்டுக்குப் பொருந்தும், எல்லாப் பாட்டுக்கும் இல்லை. சில பாட்டுகள் கட்டப்பட்டதே கடைசிப் பல்லவிக்காக. நடுவில் அமைதியான ஒரு பகுதி, அதற்குப் பிறகு ஸ்கேல் ஒரு படி ஏறி முழு வேகத்தில் பல்லவி வரும். அதற்காகக் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அடுத்த பாட்டைப் போடுவது பாட்டுக்கும் அவர்களுக்கும் செய்கிற அநியாயம். எந்தப் பாட்டை எங்கே விடுவது என்பதை அந்தப் பாட்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிக்ஸ் என்றாலே கலப்பது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். 1960களின் கடைசியில் நியூயார்க்கின் சாங்சுவரி கிளப்பில் ஃபிரான்சிஸ் கிராசோ இரண்டு இசைத்தட்டுகளின் தாளத்தைச் சேர்த்து ஓடவிட்டது ஒரு வழி. 1970களில் அதே நகரத்தின் பிராங்ஸ் பகுதியில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், பாட்டின் தாளப் பகுதியை மட்டும் எடுத்து, ஓர் இசைத்தட்டிலிருந்து இன்னொன்றுக்குச் சரியான தட்டில் தாவியது இன்னொரு வழி. பாப் பாட்டுக்குப் பல நேரம் இந்த இரண்டாவது வழிதான் அழகு. பல்லவியின் கடைசிச் சொல் முடிகிறது, அடுத்த பாட்டின் முதல் தட்டு விழுகிறது, இடையில் கலவையே இல்லை. பயப்படாமல் ஒரே அசைவில் கிராஸ்ஃபேடரை (ஒரு டெக்கிலிருந்து மற்றதற்கு ஒலியை மாற்றும் நெம்பை) தள்ளுங்கள். சரியான தட்டில் விழுந்த வெட்டு எந்த நீண்ட கலவைக்கும் குறைந்ததில்லை.

மாலைமேளம்:

மூன்று பேருக்கும் நன்றி. குரலை வைத்து யோசிப்பது எனக்குப் புதிதாக இருக்கிறது, இதுவரை தாளத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஒரு சந்தேகம். முன்னிசை நான்கு பார்தான் என்றால் 120ல் எட்டே நொடி. அதற்குள் பேஸ் மாற்றி, ஈக்யூ திருப்பி, ஃபேடர் ஏற்றி முடிக்க முடியுமா?

ஒலிக்கலவை:

முடியும், ஏனென்றால் அதில் பாதி வேலை பாட்டு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் கெய்ன், அதாவது ஃபேடருக்கு முன்பே பாட்டின் சத்தத்தைச் சரிசெய்யும் குமிழ். இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1980களில் வந்த பாட்டும் இன்றைய பாட்டும் ஒரே அளவு சத்தத்தில் மாஸ்டர் செய்யப்பட்டவை அல்ல. இன்றைய பாப் மிகவும் அழுத்தப்பட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை உரத்தே இருக்கும். பழைய பதிவில் ஏற்ற இறக்கம் அதிகம், சராசரி சத்தம் குறைவு. ஃபேடர் இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தாலும் அடுத்த பாட்டு திடீரென்று சுருங்கியதுபோல் கேட்பது இதனால்தான். ஹெட்போனில் பல்லவியை ஓடவிட்டு கெய்னைச் சரிசெய்யுங்கள். முன்னிசையை வைத்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள், அது எப்போதும் மெலிதாகத்தான் இருக்கும். மீட்டர் பச்சையின் மேல்பகுதியில் நின்றால் போதும், சிவப்பு வேண்டாம்.

அடுத்தது பேஸ். இரண்டு பாட்டின் கிக் டிரம்மும் பேஸும் ஒன்றாக ஒலிக்கும் நேரம் ஒரு தட்டுகூட இருக்கக் கூடாது. ஒரே நிலையில் சேர்ந்தால் சத்தம் 6 டெசிபல் வரை ஏறி வெளியே போகும் மொத்தச் சத்தத்தின் மீட்டரைச் சிவப்புக்குத் தள்ளும், எதிர்நிலையில் சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிட்டு அடித்தளமே காணாமல் போகும். எது நடக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே புதிய பாட்டின் லோ குமிழை முழுசாக இறக்கி வைத்துவிட்டுத்தான் பிளே அழுத்த வேண்டும். ஃபேடர் ஏறட்டும், மேலே ஹைஹாட் (டிரம்ஸின் கூர்மையான சிம்பல் ஒலி) மட்டும் கேட்கட்டும். புதிய பகுதியின் முதல் தட்டில் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பழையதின் லோவை இறக்கி, புதியதை ஏற்றுங்கள். எட்டு நொடியில் நீங்கள் செய்ய வேண்டிய பெரிய அசைவு இது ஒன்றுதான்.

நடு பேண்டில்தான் குரலின் பெரும்பகுதி இருக்கிறது. பழைய பாட்டில் பல்லவியின் கடைசிச் சொல் இழுபட்டுக்கொண்டிருந்தால் அதன் மிட்டைக் கொஞ்சம் குறைத்தால் வரப்போகும் குரலுக்கு வழி கிடைக்கும். முழுசாக இறக்க வேண்டாம், சத்தம் உள்ளீடற்றுப் போய்விடும்.

முதல்தட்டு:

நான்கு பார் உண்மையிலேயே போதவில்லை என்றால் லூப் போடுங்கள். முன்னிசையில் குரல் இல்லாத நான்கு பாரை லூப்பில் நிறுத்தி, இரண்டு சுற்று ஓடவிட்டால் எட்டு பார். இல்லையென்றால் டிஜேக்கான இன்ட்ரோ எடிட் தேடுங்கள். டிஜேக்களுக்குப் பாட்டு தரும் சேவைகளான ரெக்கார்ட் பூல்களில் பெரும்பாலான பாப் பாட்டுக்கு 8 அல்லது 16 பார் தாளம் சேர்த்த பதிப்பு கிடைக்கும். இவற்றில் அவசரத்தில் செய்ததும் கலந்திருக்கும். சேர்த்த தாளம் பாட்டின் ஒலியோடு ஒட்டாமல் தனியாகத் துருத்தும். வாங்கும் முன் தாளத்திலிருந்து பாட்டுக்கு மாறும் அந்த ஓர் இடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

அலைவரிசை:

ஸ்கேல் பற்றி நான் சொன்னது சுருக்கமாகப் போய்விட்டது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்தால் எப்போது விட்டுவிடலாம் என்றும் தெரியும்.

கேமலாட் சக்கரத்தில் அடுத்தடுத்த எண்கள் ஐந்தாம் சுர இடைவெளியில் இருப்பவை. அந்த இரண்டு ஸ்கேலுக்கும் ஏழு சுரங்களில் ஆறு பொது, ஒன்று மட்டும் மாறும். 8ஏ என்பது ஏ மைனர், 8பி என்பது சி மேஜர். இவற்றுக்கு ஏழும் பொது. அதனால் ஒன்றின் மேல் ஒன்று ஓடினாலும் மோதாது. அரை சுர இடைவெளியில் இருக்கும் இரண்டு மேஜர் ஸ்கேலை எடுத்துக்கொண்டால் பொதுவாக இருப்பது இரண்டே சுரம். காதைக் கிழிப்பது அந்தச் சேர்க்கைதான்.

வேகத்தை மாற்றும்போதும் இது குறுக்கே வரும். கீ லாக் (வேகம் மாறினாலும் ஸ்கேலை மாறாமல் வைக்கும் வசதி) இல்லாமல் 6 சதவீதம் வேகத்தை ஏற்றினால் பாட்டு கிட்டத்தட்ட அரை சுரம் ஏறிவிடும். 8ஏ என்று காட்டிய பாட்டு நடைமுறையில் 3ஏ ஆகிவிடும். கீ லாக் போட்டால் ஸ்கேல் நிற்கும், ஆனால் வேகம் அதிகமாக மாற மாற குரல் கரகரக்கும். குரல் நிறைந்த பாட்டில் 4, 5 சதவீதத்துக்கு மேல் நான் போவதில்லை.

மென்பொருள் சொல்கிற ஸ்கேலையும் முழுசாக நம்ப வேண்டாம். பேஸ் ஒரே சுரத்தில் நிற்கும் பாட்டிலும், ராப் அதிகமுள்ள பாட்டிலும் அது தவறிவிடும். சந்தேகமாக இருந்தால் கீபோர்டில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு பல்லவியைக் கேளுங்கள். எந்தச் சுரத்தில் பாட்டு ஓய்வெடுக்கிறதோ அதுதான்.

கருந்தட்டு சொன்னபடி வெட்டி மாற்றுகிறீர்கள் என்றால் இதெல்லாம் பெரிதாகத் தேவையில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போதுதான் மோதல். வெறும் தாளத்தின் மேல் இன்னொரு பாட்டை ஏற்றும்போதும் கவலை இல்லை.

தூறல்:

ஸ்டெம் (பாட்டிலிருந்து குரல், தாளம் என்று தனித்தனியாகப் பிரித்த ஒலி) பற்றி யாரும் பேசவில்லையே? 2020ல் விர்ச்சுவல்டிஜே, அல்கோரிடிம் நிறுவனத்தின் டீஜே ஆகிய டிஜே மென்பொருள்கள் ஓடும் பாட்டிலிருந்தே குரலைப் பிரித்துத் தர ஆரம்பித்தன. 2022 கடைசியில் செராட்டோவும் கொண்டுவந்தது. ஒரு பட்டனில் பழைய பாட்டின் குரலை நிறுத்திவிட்டால் முதல்தட்டு சொன்ன சிக்கலே இல்லையே. எங்கே வேண்டுமானாலும் மாறலாம்.

முதல்தட்டு:

நல்ல கருவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் குரலைத் திடீரென்று நிறுத்தினால் பாட்டு நடுவில் ஊமையானதுபோல் இருக்கும். வரி முடியும் இடத்தில், பாடுகிறவர் மூச்செடுக்கும் இடத்தில் நிறுத்தினால்தான் இயல்பாகக் கேட்கும். ஆக, குரல் எங்கே முடிகிறது என்று அப்போதும் தெரிந்திருக்க வேண்டும். பிரித்தெடுத்த ஒலியில் ஹைஹாட் இருந்த இடத்தில் நீருக்கடியில் கேட்பதுபோல் ஒரு மங்கல் வரும். பெரிய ஸ்பீக்கரில் அது நன்றாகவே தெரியும், அதனால் நான்கு, எட்டு பாருக்கு மேல் அதை நம்பி ஓட்ட வேண்டாம்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறொரு பயன். பழைய பாட்டின் பல்லவிக் குரலை மட்டும் விட்டுவிட்டு, அதன் கீழே புதிய பாட்டின் முன்னிசையைத் தொடங்குவது. கூட்டம் பாடிக்கொண்டே இருக்கும், தரை மட்டும் மாறியிருக்கும். இங்கே அலைவரிசை சொன்ன ஸ்கேல் கணக்கு கண்டிப்பாக வேண்டும், ஏனென்றால் குரலும் வாத்தியமும் நேருக்கு நேர் நிற்கின்றன.

கருந்தட்டு:

பழைய பாட்டு போடுகிறவர்கள் பீட்கிரிட்டையும் கவனியுங்கள். டிரம் மெஷினும் கிளிக் டிராக்கும் பரவலாவதற்கு முன் பதிவான பாட்டில், டிரம்ஸ் வாசித்தவர் பல்லவியில் உற்சாகமாகி ஒன்றிரண்டு பிபிஎம் ஏறியிருப்பார். அதுதான் அந்தப் பாட்டின் உயிர். ஆனால் மென்பொருள் ஒரே வேகத்துக்குக் கோடு போட்டிருந்தால் வேகத்தைத் தானாகச் சேர்க்கும் சிங்க் பட்டன் உங்களைக் கைவிட்டுவிடும். அங்கே கன்ட்ரோலரின் சக்கரமான ஜாக் வீலைத் தொட்டுக் கையால்தான் சேர்க்க வேண்டும், அல்லது வெட்டி மாற்ற வேண்டும். தாளம் சேர்ப்பதைக் காதால் பழகுங்கள் என்று சொல்வது சிங்க் மேல் உள்ள வெறுப்பால் அல்ல. இந்த மாதிரிப் பாட்டை விட்டுவிட மனமில்லாததால்தான்.

மாலைமேளம்:

எல்லோரும் சொன்னதை வைத்து என் பட்டியலுக்குக் க்யூ வைத்துப் பார்த்தேன். குரல் இல்லாத இடத்தில் மாற்றுவது ஒன்றே பெரிய வித்தியாசம் தருகிறது. வெட்டி மாற்றுவது நினைத்ததைவிட இயல்பாகவே கேட்கிறது. ஒலிக்கலவை சொன்னபடி பல்லவியை வைத்து கெய்ன் அளந்ததில் அந்தச் சுருங்கும் உணர்வும் போய்விட்டது.

ஒன்று மட்டும் மிச்சம். 96, 100 பிபிஎம்மில் சில பாட்டு இருக்கிறது. அங்கிருந்து 124, 128க்குப் போக வேண்டும். பாப்பில் இந்தத் தாவல் அடிக்கடி வருகிறது. எக்கோ போட்டு முடித்தால் ஒரு பள்ளம் விழுகிறது, ஆட்டம் நின்று மறுபடி தொடங்குவதுபோல்.

ஒலிக்கலவை:

எக்கோ திரும்ப அடிக்கும் இடைவெளியை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலோர் ஒரு தட்டு அல்லது அரைத் தட்டில் வைப்பார்கள், அதனால் எக்கோ பழைய வேகத்திலேயே அடிக்கும், புதிய பாட்டு அதற்குச் சம்பந்தமில்லாமல் வரும். முக்கால் தட்டில் வையுங்கள். 96ல் ஒரு தட்டு 0.625 நொடி, அதில் முக்கால் ஏறக்குறைய 0.469 நொடி. 128 பிபிஎம் பாட்டின் ஒரு தட்டும் அதே நீளம்தான். அதாவது எக்கோ அடிப்பதே வரப்போகிற பாட்டின் வேகத்தில். பல்லவியின் கடைசிச் சொல்லில் எக்கோவைப் போட்டு ஃபேடரை இறக்குங்கள், நான்கு எக்கோ அடிக்க விடுங்கள், ஐந்தாவதின் இடத்தில் புதிய பாட்டின் முதல் தட்டு. 90லிருந்து 120க்கும் இதே கணக்கு.

தூறல்:

இது அருமை. ஆனால் 100லிருந்து 124க்கு? 100க்கு முக்கால் கணக்கு போட்டால் 133 வருகிறதே.

ஒலிக்கலவை:

இரண்டையும் கொஞ்சம் நகர்த்துங்கள். 100 பாட்டின் இரண்டாவது சரணத்தில் வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரை மெல்ல மெல்ல இறக்கி 96க்குக் கொண்டுவாருங்கள். 4 சதவீதம்தான், ஒரு முழுச் சரணத்தில் பரவினால் யாருக்கும் தெரியாது. புதிய பாட்டை 124க்குப் பதில் 128ல் தொடங்குங்கள், அது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டும் அலைவரிசை சொன்ன எல்லைக்குள்தான் வரும், கீ லாக் மட்டும் போட்டிருக்க வேண்டும். மாறிய பிறகு முதல் பல்லவி வரை 128லேயே விட்டுவிட்டு, அடுத்த சரணத்தில் 124க்கு இறக்கிக்கொள்ளலாம்.